வெறுங் கோதின் வரலாறு



நல்லதண்ணியில் மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்த ஒரு காலைப் பொழுது. கண்டி இராச்சியத்தின் வீழ்ச்சியை நான் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். ஒன்பதாந் தரத்து மாணவன் ஒருவன் ஒரு கையை இறுக மூடியபடி வகுப்புக்குள் வந்தான். “சேர், இது என்ன?” என்று அவன் கையை விரித்தபோது, உள்ளங்கையிலே பச்சைக் களிம்பு ஏறிய ஒரு பித்தளைக் குழாய் இருந்தது. இரண்டரை அங்குல நீளம், ஒரு பக்கம் திறந்திருந்தது, மறுபக்கம் அடைத்திருந்தது. தேயிலை மலையிற் கான் வெட்டிய அவனுடைய தந்தைக்கு அது மண்ணுக்குள்ளிருந்து அகப்பட்டதாம்.

அது வேட்டைத் துவக்கின் தோட்டாக் கோது. அடியிலே நடுவிலிருந்த செப்புப் பொட்டு குழிந்திருந்தது. ஆகவே, அது என்றோ வெடித்து ஓய்ந்தது, அச்சத்துக்கு இடமில்லை. எனினும், இத்தகைய பொருளை எங்கே கண்டாலும் தொடாமல் பெரியோருக்கு அறிவிக்க வேண்டும் என்று வகுப்புக்கு முதலிற் கூறினேன். அதன் பின்னரே அதனைக் கையிலெடுத்துத் துடைத்தேன். அடித்தட்டைச் சுற்றிச் சில ஆங்கில எழுத்துக்கள் தோன்றின. பையன் எழுத்துக்கூட்டி, “எலி” என்று வாசித்தான். வகுப்பே சிரித்தது. எலியன்று, ஈலி. 1828ஆம் ஆண்டளவில் இலண்டன் மாநகரில் தொடங்கிய தோட்டாக் கம்பனியின் பெயர் அது. அதன் அருகே 12 என்னும் இலக்கம் பொறித்திருந்தது.

“சேர், சுட்டவர் ஏன் இதைப் பொறுக்காமல் விட்டுவிட்டுப் போனார்?” என்று பையன் கேட்டான். விளையாட்டாகக் கேட்ட கேள்விதான். ஆயினும், நல்லதொரு வரலாற்றுக் கேள்வி. கண்டி இராச்சியம் மறுநாள் வரை காத்திருந்தது. அன்று அந்த வகுப்பிற் பேசியதையும், பின்னர் தேடிப் படித்ததையும் சேர்த்து இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் அந்த 12 என்னும் இலக்கத்தின் பொருளைக் கூறிவிடுகிறேன். ஓர் இறாத்தல் ஈயத்தை ஒரே அளவான 12 உருண்டைகளாக வார்த்தால், அவற்றுள் ஒன்று எந்தக் குழலுக்குள் சரியாகப் பொருந்துமோ அதுவே 12ஆம் இலக்கக் குழல். அதன் உள் விட்டம் ஏறத்தாழ 18.5 மில்லிமீற்றர். இலக்கம் ஏற ஏறக் குழல் சிறுத்துக்கொண்டு போகும். 20ஆம் இலக்கத் துவக்கு 12ஆம் இலக்கத் துவக்கினும் மெல்லியது.

தோட்டா என்பது நான்கு பொருள்களை ஒன்றாக அடைத்த ஒரு சிறு கூடு. அடியிலே ‘கேப்’ எனப்படும் செப்புப் பொட்டு. அதன் மேல் வெடிமருந்து. மருந்தின் மேல் தக்கை. தக்கையின் மேல் ஈயச் சன்னங்கள். விசையை இழுத்தால் ஊசி கேப்பை அடிக்கும். கேப் மருந்தைப் பற்றவைக்கும். மருந்தின் ஆவி தக்கையைத் தள்ளும். தக்கை சன்னங்களைத் தள்ளும். மருந்து எரிந்து போகும். தக்கை சிறிது தூரத்தில் விழும். சன்னம் பரந்து போகும். கோது ஒன்றே சுட்டவரின் கையில் மிஞ்சும். நிலக்கடலையை உண்டபின் கோதை எறிவது போல் இதையும் எறிந்துவிடலாம் என்று தோன்றும். அப்படி எறியாதவர்களின் கதையே இன்றைய பேச்சு.

பொறுக்குவதற்குக் கோது என்று ஒன்று இல்லாத காலமும் இருந்தது. சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர் 1848ஆம் ஆண்டு முதல் 1855ஆம் ஆண்டு வரை நுவரெலியாவிற் குடியிருந்தார். பிற்காலத்தில் நைல் நதியின் பிறப்பிடத்தைத் தேடிப் போய்ப் புகழ் பெற்றவர் இவரே. நம் மலைநாட்டில் யானையையும் மரையையும் வேட்டையாடிய கதைகளை 1854இல் நூலாக எழுதி வெளியிட்டார். அவர் கையிலிருந்தவை குழலின் வாய்வழியே கெட்டிக்கும் துவக்குகள். மருந்தைக் கொட்டி, தக்கையை வைத்து, குண்டை இட்டு, கோலால் இடித்து இறுக்க வேண்டும். ஒரு வெடிக்கும் அடுத்த வெடிக்கும் இடையே வேட்டைக்காரனின் உயிர் ஊசலாடும். அதனாலேயே கெட்டித்த துவக்குகளைச் சுமந்துகொண்டு பின்னால் ஆட்கள் நின்றார்கள். வெடித்தபின் மிஞ்சியது புகை ஒன்றே.

கோது பிறந்த இடம் பாரிஸ் நகரம். சுவிற்சர்லாந்து நாட்டவரான பௌலி என்னும் துவக்குக் கொல்லர், தாளும் பித்தளையும் சேர்ந்த தோட்டாவுக்கு 1812இல் அந்நகரிற் காப்புரிமை பெற்றார். லெபோஷூ என்பவர் 1830களில் பின்புறம் மடிந்து திறக்கும் வேட்டைத் துவக்கைச் செய்தார். 1851இல் இலண்டனில் நடந்த உலகப் பெருங் கண்காட்சியில் அவருடைய துவக்கைக் கண்டே ஆங்கிலக் கொல்லர்கள் விழித்துக்கொண்டனர் என்பர். 1861இல் டோ என்னும் இலண்டன் வணிகர், கேப் நடுவில் அமைந்த தோட்டாவை விற்பனைக்குக் கொண்டுவந்தார். எம் மாணவன் கொண்டுவந்த கோதின் மூதாதை அதுவே.

இக்கண்டுபிடிப்பின் நுட்பம் மருந்தில் இல்லை, கோதில் இருக்கிறது. மருந்து எரியும் கணத்திற் கோது விரிந்து குழலின் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். ஆவி பின்னே வந்து சுடுபவரின் முகத்தைத் தாக்காது தடுக்கும். அழுத்தம் தணிந்ததும் சற்றே சுருங்கிக் கழன்று வரும். விரிதலும் சுருங்குதலும் தெரிந்த இப்பொருள் கிடைத்த பின்னரே, பின்புறம் திறக்கும் துவக்கு நம்பத்தக்கதாயிற்று.

1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையிலே தேயிலையைத் தோட்டப் பயிராக நட்டார். 1869இல் கோப்பியைத் தாக்கத் தொடங்கிய இலைநோய், தேயிலைக்கு வழிவிட்டது. 1884இல் புகையிரதம் ஹற்றனை வந்தடைந்தது. தேயிலையும் புதிய தோட்டாவும் ஏறக்குறைய ஒரே தலைமுறையில் இம்மலைகளுக்கு வந்தன. தோட்டத்துக்குத் தோட்டா வந்தது என்று நான் சொன்னபோது மாணவர் மீண்டும் சிரித்தனர்.

ஆயினும், இலண்டனிலிருந்து ஒரு பெட்டி தோட்டா மஸ்கெலியாவுக்கு வந்து சேர்வது எளிதன்று. கப்பலில் வர வேண்டும். கொழும்பில் இறங்க வேண்டும். புகையிரதத்தில் ஏற வேண்டும். பின்னர் வண்டியிலும் ஆள் தலையிலும் மலை ஏற வேண்டும். அதற்குள் மலைநாட்டின் ஈரம் தன் வேலையைக் காட்டிவிடும். தாளினாற் செய்த கோது ஈரத்தில் உப்பும்; உப்பிய தோட்டா துவக்கினுள் நுழையாது. ஆண்டிற் பாதி மழையில் நனையும் சிவனொளிபாத மலையடிவாரத்தில் இது சிறு குறையன்று. ஆகையால், வெப்ப நாடுகளுக்குப் போன வேட்டைக்காரர் பலர் பித்தளைக் கோதை விரும்பினர். விலை கூடியது; ஆனால் உப்பாது, கிழியாது, மீண்டும் மீண்டும் கெட்டிக்கலாம்.

மீண்டும் கெட்டிக்கும் வேலை பங்களாவின் மேசை மீதே நடக்கக்கூடியது. வெடித்த கேப்பைத் தட்டி அகற்றுவர். விரிந்த கோதை அச்சினுட் செலுத்திப் பழைய அளவுக்குக் கொணர்வர். புதிய கேப்பைப் பொருத்துவர். பின்னர் மருந்து, தக்கை, சன்னம் என்பன ஒழுங்காக உள்ளே செல்லும். கடைசியாக வாயை அடைப்பர். இதற்கென்று மரத்தாலும் பித்தளையாலும் செய்த சிறு கருவிகளை அக்காலத்துத் துவக்குக் கடைகள் பெட்டியிலிட்டு விற்றன. இவ்வேலைக்கு வேண்டிய முதற்பொருள் மருந்தன்று, ஈயமுமன்று, வெடித்த கோது. அது தொலைந்தால் மற்றவை இருந்தும் பயனில்லை.

இனிப் பையனின் கேள்விக்கு வருவோம். எங்கள் ஊரில் தொண்ணூறு வயதை நெருங்கிய முதியவர் ஒருவர் இருக்கிறார். அவருடைய தந்தையார் இளமையில் துரையின் வேட்டைக்குப் பின்னே நடந்தவர். லயத்து முன்றலில் அமர்ந்து அம்முதியவர் எனக்குச் சொன்னதாவது: “போகையில எத்தனை தோட்டா, வர்றப்ப எத்தனை தோட்டா, எத்தனை கோது – மூணும் ஒத்து வரணும் ஐயா. கோழி விழாட்டியும் பரவாயில்லை, கோது விழுந்த எடம் தெரியணும். ஒண்ணு கொறைஞ்சா இருட்டுற வரைக்கும் பத்தைக்குள்ள அட்டைக்கடி பட்டுத் தேடணும்னு எங்கப்பா சொல்லும்.”

இது அவருடைய தந்தையின் நினைவு; வழிவழி வந்த வாய்மொழி. எந்தத் தோட்டம், எந்தத் துரை என்பதை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால், பையனின் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. கோதை யாரும் எறிந்துவிட்டுப் போகவில்லை. யாரோ ஒருவர் அந்தி மயங்கும் வரை தேடி, அகப்படாமல், மனத்தாங்கலோடு மலையிறங்கியிருக்க வேண்டும். வேட்டைக் கதைகளை எழுதியவர்கள் துவக்கைப் பிடித்தவர்கள். கோதைப் பொறுக்கியவர்கள் எழுதவில்லை. மலைநாட்டு வரலாற்றிலே நம் முன்னோரின் இடம் பெரும்பாலும் இந்தப் பொறுக்கும் பக்கத்திலேயே இருந்தது. ஆகவே, இப்பக்கத்திலிருந்தும் வரலாற்றை வாசிக்க நாம் பழக வேண்டும்.

பொறுக்கிய கோது சில வேளைகளில் ஒரு பெரிய உண்மையையே பேசிவிடும். 1919ஆம் ஆண்டு ஏப்பிரல் 13ஆந் திகதி, பஞ்சாப் மாகாணத்து அமிர்தசரசில், ஜாலியன் வாலா பாக் என்னும் மைதானத்திற் கூடியிருந்த மக்கள் மீது ஜெனரல் டையரின் படையினர் சுமார் 10 நிமிடம் சுட்டனர். அங்கே 1,650 முறை சுடப்பட்டது என்று வரலாற்று நூல்கள் எல்லாம் கூறுகின்றன. நெரிசலிலும் அலறலிலும் யார் இருந்து எண்ணினார்? படையினர் பின்னர் திரட்டிய வெற்றுக் கோதுகளின் எண்ணிக்கையிலிருந்தே அக்கணக்குப் பிறந்தது என்பர். இறந்தோரின் தொகை பற்றி இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. கோதின் தொகையே நிலைத்து நிற்கிறது. 1940ஆம் ஆண்டு சனவரி 10ஆந் திகதி, முல்லோயாத் தோட்டத்தில், சம்பள உயர்வு கோரிய போராட்டத்தின்போது பொலிசாரின் சூட்டுக்குப் பலியான தொழிலாளி கோவிந்தனை மலையக மக்கள் இன்றும் நினைவு கூருகின்றனர். துவக்கு வெடித்த இடத்திலெல்லாம் கணக்குக் கேட்கும் உரிமை பொதுமக்களுக்கு உண்டு. கோதை எண்ணுவது அவ்வுரிமையின் மிக எளிய வடிவம்.

வேட்டைக் காட்டிலே தொடங்கிய இந்தக் கணக்கு, பிற்காலத்தில் ஒரு விளையாட்டு மைதானத்துக்குச் சென்று சேர்ந்தது. அவ்விளையாட்டின் தொடக்கம் கொடியது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில், உயிருள்ள புறாக்களைப் பெட்டியில் அடைத்துவைத்து, கயிற்றை இழுத்துத் திறந்து, பறந்தெழும் பறவையைச் சுடுவதைப் பந்தயமாக நடத்தினர். பழைய தொப்பிகளின் கீழே புறாவை மூடிவைத்த இடங்களும் இருந்தன. 1900ஆம் ஆண்டு பாரிசில் நடந்த ஒலிம்பிக் விளையாட்டின்போதுகூட உயிர்ப்புறாச் சூடு நடந்தது. ஏறக்குறைய 300 புறாக்கள் அதில் மாண்டன என்பர். இங்கிலாந்தில் அடைத்துவைத்த பறவைகளை இவ்வாறு சுடுவதைத் தடுக்கும் சட்டம் 1921இலேயே வந்தது.

அதற்கு முன்பே மாற்று வழி தேடியோரும் இருந்தனர். அமெரிக்காவிற் கண்ணாடி உருண்டைகளை மேலே எறிந்து சுட்டனர். உருண்டைக்குள் இறகை அடைத்து, உடையும்போது பறவை சிதறுவது போலத் தோன்றச் செய்தனர். போகார்டஸ் என்னும் சூட்டு வீரர் 1870களில் இதனை ஊரெங்கும் பரப்பினார். ஆனால், உடைந்த கண்ணாடி நிலத்தை நிறைத்தது. அப்போது சின்சினாட்டி நகரத்து லிகோவ்ஸ்கி என்பவருக்கு ஓர் எண்ணம் தோன்றிற்று. நீர்மேல் எறிந்த சிப்பி தத்தித் தத்திப் போவதைக் கண்டே அவ்வெண்ணம் பிறந்தது என்று ஒரு கதை வழங்குகிறது. மவுசாகலை நீர்த்தேக்கத்தின் கரையில் எம் பிள்ளைகளும் ஓட்டுச் சில்லை அவ்வாறே எறிந்து விளையாடுவர். தட்டையான பொருள் சுழன்றுகொண்டு போனால் காற்றிலே மிதக்கும். இவ்வுண்மையை வைத்து அவர் 1880இற் களிமண் தட்டுக்குக் காப்புரிமை பெற்றார்.

முதலிற் செய்த தட்டுகளைச் சூளையிற் சுட்டார்கள். அவை மிகவும் கடினமாயிருந்தன. சன்னம் பட்டும் உடையவில்லை. பின்னர் கீலையும் சுண்ணாம்புக்கல் மாவையும் கலந்து வார்த்தார்கள். இன்று ஒலிம்பிக் போட்டியிற் பறக்கும் தட்டு 110 மில்லிமீற்றர் விட்டமும் ஏறத்தாழ 105 கிராம் நிறையும் உடையது. அதிற் களிமண் இல்லை. பெயரில் மாத்திரம் களிமண் எஞ்சியிருக்கிறது. புறாப் பெட்டியின் கயிற்றை இழுக்கச் சொல்லும் ‘புல்’ என்னும் ஆங்கிலச் சொல்லும் அவ்வாறே எஞ்சியிருக்கிறது. கயிறும் இல்லை, புறாவும் இல்லை. ஆயினும் ‘இழு’ என்று பொருள்படும் அச்சொல்லைக் கூவியே பல நாட்டு வீரர்கள் இன்றும் தட்டை அழைக்கிறார்கள்.

‘ஸ்கீற்’ என்னும் மற்றொரு வகைச் சூடு அமெரிக்காவின் அண்டோவர் என்னும் ஊரிற் பிறந்தது. நண்பர் சிலர் வட்டமாக நின்று பல கோணங்களிற் சுட்டுப் பழகினர். பக்கத்து நிலத்தில் ஒருவர் கோழிப்பண்ணை வைத்தார். கோழிகளின் மேற் சன்னம் விழாதிருக்க, வட்டத்தைப் பாதியாக வெட்டி அரை வட்டமாக்கினர். அந்த அரை வட்டமே 1968 முதல் ஒலிம்பிக் மைதானத்தில் இருக்கிறது. அயலவரின் கோழிக்கு மரியாதை கொடுத்ததால் ஒரு விளையாட்டு உருப்பெற்றது என்பது நினைத்தற்கு இனிய செய்தியாகும்.

களிமண் தட்டு உயிரைக் காத்தது. ஆனால், தோட்டாவைத் தின்றது. ஒரு சுற்றுக்கு 25 தட்டுகள். போட்டியின் முதற்கட்டத்தில் ஐந்து சுற்றுக்கள். ஆக 125 தட்டுகள். ‘ட்ராப்’ என்னும் பிரிவில் ஒவ்வொரு தட்டுக்கும் இரு முறை சுடலாம். ஆதலால் 250 தோட்டா வரை செலவாகும். பயிற்சிக்கோ கணக்கில்லை. ஒரு வேட்டைக்காரன் ஓராண்டிற் செலவிடாத தோட்டாவை இவ்விளையாட்டு வீரன் ஒரு கிழமையிற் செலவிடுவான். செல்வர் அல்லாதார் இதில் எவ்வாறு நுழைவது?

அவர்களுக்கு வழி திறந்தது வெற்றுக் கோது. சுற்று முடிந்ததும் குனிந்து தத்தம் கோதுகளைப் பொறுக்கிப் பையிலிட்டுச் செல்வது அமெரிக்க மைதானங்களில் வழக்கமாயிற்று. 25 இறாத்தல் ஈயச் சன்னத்தை வாங்கி, தோட்டாவுக்கு ஓர் அவுன்சு வீதம் இட்டால் 400 தோட்டாக்கள் ஆகும். இதற்கான கருவிகளும் எளிமையாயின. 1958இல் ரிச்சர்ட் லீ என்பவர் கையடக்கமான கெட்டிக்கும் கருவி ஒன்றை விற்கத் தொடங்கினார். அதே 1950களில் மேவில் என்னும் ஊரிலிருந்து நெம்புகோல் இயந்திரங்கள் வந்தன. 1960இல் ரெமிங்டன் கம்பனி பிளாஸ்ரிக் கோதைக் கொணர்ந்தது. தாளைப் போல் அது உப்பவில்லை; கருகவில்லை. நல்ல கோது பல முறை மீண்டு வந்தது. ஆலைத் தொழிலாளியும் கமக்காரனும் மாலை வேளையில் அமர்ந்து மறுநாளைக்கான தோட்டாவைத் தாமே கெட்டித்தனர்.

கோதைப் பொறுக்குவதிலும் ஒரு படிப்பு உண்டு. வாய் பிளந்ததா, அடிப் பித்தளை தளர்ந்ததா, உட்சுவர் கருகியதா என்று ஒவ்வொன்றையும் பார்ப்பர். ஒரு கம்பனியின் கோதையும் மற்றொரு கம்பனியின் கோதையும் வெளியே ஒன்றாகத் தோன்றினாலும் உள்ளே அளவு வேறு. அதனாற் கலக்கலாகாது. ஐயமுள்ள கோதைக் கழிப்பதே அறிவுடைமை. சிக்கனம் என்பது கண்டதையெல்லாம் சேர்த்துவைப்பதன்று. எதனைக் கழிக்க வேண்டும் என்று அறிவதுமாகும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இலங்கையில் துவக்கு வைத்திருத்தலை 1916ஆம் ஆண்டின் சட்டமும், வெடிபொருளை 1956ஆம் ஆண்டின் சட்டமும் கட்டுப்படுத்துகின்றன. நான் வரலாறு பேசுகிறேனே அன்றி, எவரையும் வீட்டில் மருந்தோடு விளையாடச் சொல்லவில்லை.

வேட்டையிலிருந்து தட்டுக்கு வந்த பயணத்தை ஒரே குடும்பத்திற் காண விரும்புவோர் இந்தியாவின் பிக்கானீருக்குச் செல்லலாம். மகாராசா கங்காசிங், கஜ்னேர் என்னும் ஏரிக்கரை மாளிகைக்கு ஆங்கிலப் பிரதிநிதிகளை அழைத்து, வந்திறங்கும் கௌதாரிக் கூட்டங்களை ஆயிரக்கணக்கிற் சுட வைத்தவர். அவருடைய பேரர் கர்ணிசிங் தட்டைச் சுட்டார். 1960 உரோம் நகரம் முதல் 1980 மாஸ்கோ வரை ஐந்து ஒலிம்பிக் விளையாட்டுக்களிற் கலந்துகொண்டார். 1962இற் கெய்ரோவில் நடந்த உலகப் போட்டியில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். பாட்டனாரின் புகழ் வீழ்ந்த பறவைகளின் எண்ணிக்கையில் இருந்தது. பேரரின் புகழ் உடைந்த தட்டுகளின் எண்ணிக்கையில் இருந்தது. 2004இல் ஏதென்சு நகரில் இராச்சியவர்த்தன் சிங் ராத்தோர் இரட்டைத் தட்டுச் சூட்டில் வெள்ளிப் பதக்கம் வென்றபோது, இவ்விளையாட்டின் பெயர் இந்தியாவின் பட்டிதொட்டியெங்கும் பரவிற்று.

தமிழகத்திலே புதுக்கோட்டைத் தொண்டைமான் மரபில் வந்த பிரித்திவிராஜ் தொண்டைமான், 2023இல் டோஹாவில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில் வெண்கலம் பெற்று, 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிற் கலந்துகொண்டார். புதுக்கோட்டை என்னும் பெயர் நமக்குப் புதிதன்று. நம் லயங்களிற் பலருடைய பாட்டன் பூட்டன்மார் அந்தச் சீமையிலிருந்து கால்நடையாகப் புறப்பட்டு வந்தவர்கள். ஒரே மண்ணிலிருந்து துவக்கு ஒருபுறமும் கொழுந்துக் கூடை மறுபுறமும் போயின. 1900இல் ஒலிம்பிக் புறாக்கள் மாண்ட அதே நாட்டில், 2024இல் ஒரு தமிழர் உயிரற்ற தட்டைக் குறிபார்த்து நின்றார். இடையில் உலகம் சிறிது திருந்தியிருக்கிறது.

முற்றிலும் திருந்திவிட்டதா என்றால், இல்லை. பறவை தப்பியது, மண் தப்பவில்லை. ஒரு ஒலிம்பிக் தோட்டாவில் 24 கிராம் சன்னம் இருக்கிறது. அந்த ஈயம் முழுதும் நிலத்தில் விழுகிறது. ஈயம் நஞ்சு. நீர்ப்பறவைகள் அதைக் கல்லென்று விழுங்கி மெல்ல மெல்ல மடிகின்றன. அமெரிக்கா 1991இல் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயச் சன்னத்தைத் தடை செய்தது. டென்மார்க் 1996இல் ஈயச் சன்னத்தையே விலக்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் சதுப்பு நிலங்களில் ஈயச் சன்னத்தைத் தடுத்தது. பிளாஸ்ரிக் கோதும் பிளாஸ்ரிக் தக்கையும் மக்குவதில்லை. பித்தளைக் காலத்திற் கோதைப் பொறுக்காதவருக்குப் பணம் நட்டம். பிளாஸ்ரிக் காலத்தில் நட்டம் மண்ணுக்கு. முன்னது தன் பையைப் பற்றிய கணக்கு. பின்னது பிள்ளைகளின் நிலத்தைப் பற்றிய கணக்கு.

எங்கள் மலைக்கு மீண்டும் வருகிறேன். இங்கே வேட்டையாடியவர்களே ஒரு கட்டத்தில் விலங்குகள் குறைவதைக் கண்டு, 1894இல் ஒரு பாதுகாப்புச் சங்கம் அமைத்தனர். 1937இல் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1940இற் சிவனொளிபாத மலைக்காடு சரணாலயமாயிற்று. 2010இல் அக்காடு, ஹோட்டன் சமவெளி, நக்கிள்ஸ் மலை ஆகிய மூன்றும் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றன. துவக்கின் ஓசை எங்கள் மலைகளிற் பெரும்பாலும் அடங்கிவிட்டது. ஆனால், ஓசையில்லாத கருவி ஒன்று வந்திருக்கிறது. 2020ஆம் ஆண்டு மே மாதம் எங்கள் நல்லதண்ணிப் பகுதியிலேயே கருஞ்சிறுத்தை ஒன்று கம்பிச் சுருக்கில் அகப்பட்டது. அதனை உயிருடன் மீட்டு உடவளவைக்குக் கொண்டுசென்றனர். சில நாட்களில் அது இறந்தது. தோட்டாவாவது வெடித்த இடத்திற் கோதை விட்டுச் செல்லும். அடியிற் கம்பனியின் பெயராவது இருக்கும். சுருக்குக் கம்பிக்குப் பெயரும் இல்லை, கணக்கும் இல்லை, வைத்தவரே மறந்துவிட்டாலும் அது காத்துக்கொண்டிருக்கும்.

பையனின் கோதைத் தந்தையாரின் இசைவுடன் பாடசாலையின் வரலாற்று அலுமாரியில் வைத்திருக்கிறோம். கீழே ஒரு சிறு அட்டையில் மாணவரே எழுதினர்: கண்டெடுத்த இடம், கண்டெடுத்த நாள், கண்டெடுத்த தொழிலாளியின் பெயர். சுட்டவரின் பெயருக்கு ஒரு கோடு விட்டு வைத்திருக்கிறார்கள். அதனை நிரப்ப எவராலும் இயலாது. முன்னொரு நாள் இருட்டும் வரை அதனைத் தேடியவரின் பெயருக்கும் ஒரு கோடு விட வேண்டும் என்று அந்தப் பையன் சொன்னான். விட்டோம்.

சென்ற யாத்திரைக் காலம் முடிந்தபின், அவ்வகுப்பு மாணவர் பெரியோர் சிலருடன் மலைப்பாதையின் அடிவாரத்துக்குச் சென்று, பிறர் விட்டுச் சென்ற போத்தல்களைச் சாக்கில் நிறைத்து வந்தனர். எத்தனை போத்தல் என்று ஒவ்வொரு சாக்கின் மேலும் எண்ணி எழுதியிருந்தார்கள். எண்ணச் சொல்லி நான் கூறவில்லை.